ஏழாவது குப்பி

நான் கிடங்கு எழுத்தன்.
வந்தது, போனது, மீந்தது:
மூன்று பத்திக்குள் என் பிழைப்பு.

தெட்ஸா மலையில் ஜூன் மாதம்.
சிப்பெரோனித் தூறல் நின்றபாடில்லை.
மின்சாரம் போய் நாலு நாள்.
குப்பிகளை இளஞ்சூட்டில் வைக்கும் பெட்டி,
மூடிமேல் இரண்டு தேசக் கொடிகள் ஒட்டியது,
நன்கொடையாய் வந்தது,
மூலையில் கிடக்கிறது.
போன வாரம் அதற்குள் பூனை குட்டி போட்டது.

எஸ்னாத் கலிண்டே வந்தாள்.
முப்பத்தொரு ஊருக்கு
ஒரே சுகாதார ஆய்வாளர்.
மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
(பெட்ரோல் பத்தியில் 'இல்லை' என்று எழுதியவன் நான்.)

பையில் பன்னிரண்டு குப்பிகள்,
பன்னிரண்டு இடத்துத் தண்ணீர்.
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம்.
ராத்திரி முழுக்கச் சூட்டில் வைத்தால்
காகிதம் வாய் திறக்கும்.
கறுத்தால்
தண்ணீரில் மனிதர்கள் கலந்திருக்கிறார்கள்.

பெட்டியைப் பார்த்தாள். பூனை அவளைப் பார்த்தது.
"சூடுதானே வேண்டும்" என்றாள்.
சித்தெஞ்சேத் துணியை மேசையில் விரித்து
குப்பிகளை வரிசையாய் வைத்துச் சுருட்டி
வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.
ஏழு மாதக்காரிபோல்
தூறலில் இறங்கி நடந்தாள்.

இரவெல்லாம் மல்லாந்தே படுத்திருந்தாளாம்.
முதலில் குப்பிகள் அவளைக் குளிர வைத்தனவாம்.
அப்புறம்தான் அவள் அவற்றை.
"யார் வீட்டுக் கழிவு நமக்கு நடுவில்?"
என்று கேட்ட கணவன்
பாய் மாற்றிப் படுத்தானாம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்,
சொல்லிக்கொண்டே துணியை அவிழ்த்தாள்.

பதினொன்று தேன்நிறம்.
ஏழாவது கறுப்பு.
என் மைப்புட்டி அளவுக்குக் கறுப்பு.

ஏழு என்றால் மசெங்கா சந்தையின் கைப்பம்பு.
பொழுது விடியுமுன் நூறு வாளி
அங்கே வரிசை கட்டும்.

விதி சொல்கிறது: பூட்டு.
பூட்டு இருந்தது.
கிடங்கில் தாராளமாய் இருந்தது
அது ஒன்றுதான்.
கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனாள்,
மதியத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"பூட்டலாம், லாக்சன்.
பூட்டினால் பள்ளத்துக்குப் போவார்கள்,
மாடு நின்று மூத்திரம் போகும் தண்ணீருக்கு.
குளோரின் எடு."

இருந்தது ஒரு நீலப் பீப்பாய்.
'அவசரத்துக்கு மட்டும்' என்று
சாக்கட்டியில் நானே எழுதியது.
திறக்க அதிகாரி கையெழுத்து வேண்டும்.
அதிகாரி ஏரிக்கரை விடுதியில்:
சுற்றுச்சூழல் சுகாதாரச் சேவையை வலுப்படுத்தல்,
மூன்று நாள் பட்டறை,
ஆளுக்கொரு போத்தல் முத்திரைத் தண்ணீர்.
அழைப்பிதழைத் தட்டச்சு செய்தவனும் நானே.

இரண்டு தடவை அழைத்தேன்.
அமர்வில் இருக்கிறாராம்.
மூன்றாம் தடவை அழைக்கவில்லை.
சாக்கட்டி எழுத்து என் சட்டையில் ஒட்ட
பீப்பாயை வாசலுக்கு உருட்டினேன்.

இன்று ஒன்பதாம் நாள்.
பம்படியில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து
ஊசியில்லாச் சிரிஞ்சால்
வாளிக்கு ஓர் அளவு விடுகிறாள்.
"அரை மணி பொறு, அப்புறம் குடி."
மூக்கைப் பொத்துகிறார்கள் பிள்ளைகள்.
தேநீரில் ஆஸ்பத்திரி வாடை என்று
ஒருத்தி வாளியைக் கவிழ்த்துவிட்டுப்
பள்ளத்துக்கே போனாள்.
எஸ்னாத் கத்தவில்லை.
பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்,
சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போக.

கழிப்பறைக் குழி பம்புக்குப் பதினோரு எட்டில்.
அதை யார் மூடுவது, எந்தப் பணத்தில்,
எனக்குத் தெரியாது.
அதற்குப் பத்தியே இல்லை.

பேரேட்டில் இப்படி எழுதினேன்.
பூட்டு: போனது ஒன்று, வந்தது ஒன்று.
குளோரின்: போனது ஒரு பீப்பாய்.
யார் உத்தரவு என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனா நின்றது.
பிறகு என் பெயர்.

செப்டம்பரில் தணிக்கைக்காரர் வருவார்.
அதற்குள்
பூனைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.